வன்னியில் இருந்துகொண்டு ஓர் இலச்சினைக்கான கருவைத் தேடுவது எப்படி

ஒரு கடைக்கோ, கூட்டுறவுச் சங்கத்துக்கோ, வீட்டோடு நடக்கும் சிறு உற்பத்திக்கோ இலச்சினை வரைந்து தரும்படி கேட்டால், இளம் வடிவமைப்பாளர்களில் பெரும்பாலானோர் முதலில் கையில் எடுப்பது கைத்தொலைபேசியைத்தான். பின்ட்ரெஸ்டிலோ கூகிளிலோ ‘அரிசி லோகோ’ என்று தேடினால் நொடிப்பொழுதில் நூற்றுக்கணக்கான படங்கள் வந்துவிடுகின்றன. வளைந்த ஒரு நெற்கதிர், அதன் பின்னால் எழும் சூரியன், சுற்றிலும் ஒரு பச்சை வட்டம் என்பவை அவற்றில் திரும்பத் திரும்ப வரும். தேடுபொறி நமக்குக் காட்டுவது ஏற்கெனவே பலர் பார்த்ததையும் பலர் பயன்படுத்தியதையும் ஆகையால், அங்கே தொடங்குகிறவர் எவ்வளவு திறமையாக வரைந்தாலும் முடிவில் அடுத்த ஆலையின் சாக்கில் உள்ள படத்துக்கு மிக அருகிலேயே வந்து நிற்பார். கைத்தொலைபேசிக்கு இந்த வேலையில் ஓர் இடம் உண்டு. அந்த இடம் கடைசியில் வருகிறது. அதற்கு முன் பார்க்க வேண்டியவை வன்னியில் நம் கண்ணெதிரே ஏராளமாக இருக்கின்றன.

முதல் வேலை, இலச்சினை எங்கே வாழப்போகிறது என்று கேட்டு எழுதிக்கொள்வது. தயிர்ச்சட்டியின் மேல் ஒட்டும் தாளிலா, ஐம்பது கிலோ அரிசிச் சாக்கிலா, ஏ9 வீதியில் பேருந்திலிருந்து ஓரிரு நொடிகளே கண்ணில் படும் பலகையிலா, ஆட்டோவின் பின்பக்கத்திலா, வட்ஸ்அப் முகப்பில் தெரியும் சிறு வட்டத்திலா என்பதைப் பொறுத்து நீங்கள் தேட வேண்டிய வடிவத்தின் தன்மையே மாறிவிடும். சாக்கில் ஒரே நிறத்தில், தடித்த மையில், நெய்தலின் இடுக்குகளுக்கு மேல் அச்சிடுவார்கள். அங்கே மெல்லிய கோடு நிற்காது. பற்றுச்சீட்டுப் புத்தகத்துக்கு றப்பர் முத்திரை செய்வதானால் நெருக்கமான இடைவெளிகள் எல்லாம் மை அடைத்துப் போகும். இந்தக் கட்டுப்பாடுகளைத் தடையாக எண்ண வேண்டாம். வெற்றுத்தாளின் முன் அமர்ந்து ‘ஏதாவது தோன்றட்டும்’ என்று காத்திருப்பதைவிட, ‘தூரத்திலிருந்து, ஒரே நிறத்தில், ஒரு சாக்கின் மீது தெரிய வேண்டும்’ என்ற நிபந்தனையோடு அமர்வது கற்பனையை வெகு விரைவில் வேலைக்கு இறக்கும்.

அடுத்ததாக, தொழில் நடக்கும் இடத்துக்குப் போக வேண்டும். உரிமையாளரிடம் தொலைபேசியில் கேட்டால் ‘நல்ல தரம், நம்பிக்கை, பாரம்பரியம்’ என்பார். அவை எல்லாத் தொழிலுக்கும் பொருந்துகிற சொற்கள், அவற்றிலிருந்து எந்த வடிவமும் பிறக்காது. நேரில் போய் அரை நாள் இருந்து, எந்தக் கருவியைக் கை எப்படிப் பிடிக்கிறது, எந்தப் பொருள் எதனுள் விழுகிறது, எந்த ஓசை கேட்கிறது, வேலை செய்கிறவர்கள் ஒவ்வொன்றையும் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் பொருட்களின் பெயர்களையும் மறுபக்கத்தில் வினைச்சொற்களையும் எழுதுவது நல்லது. வடிவமைப்பாளர்கள் பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடுவதால்தான் நெல் என்றால் கதிர், மீன் என்றால் மீன், தையல் என்றால் ஊசியும் நூலும் என்று வரைந்துவிடுகிறோம். வினைச்சொற்களின் பக்கத்தில் புதிய வழிகள் திறக்கின்றன.

முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் கச்சான் விற்கும் ஒருவர் தம் பொதிகளுக்கு இலச்சினை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பயணம் போகிறவர்கள் வாகனத்தை நிறுத்தி, தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு போகும் இடம் அது. அருகருகே பல கடைகள் ஒரே பொருளை விற்கின்றன. பொருளை வரைந்தால் எல்லாருடைய படமும் கச்சான்கோதாகத்தான் இருக்கும். பிள்ளையாரை வரையலாமே என்று அவர் கேட்கக்கூடும். ஆனால் அந்தப் பொதி இன்னும் சிறிது நேரத்தில் கிழிக்கப்பட்டு வீதியோரத்தில் மிதிபடப் போகிறது என்பதை நினைவூட்டினால் அவரே வேண்டாம் என்பார். இனி வினைகளுக்கு வருவோம். தாச்சியில் சூடான மணலோடு கச்சானை வறுக்கிறார்கள், அகப்பையால் கிளறுகிறார்கள், அரிதட்டில் போட்டு மணலைச் சலித்துப் பிரிக்கிறார்கள். அரிதட்டு என்பது ஒரு வட்டத்துக்குள் ஒழுங்காக அமைந்த துளைகள். அவற்றுள் இரண்டு மட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து கச்சானின் இடுங்கிய இடையைக் காட்டினால், அந்தத் தொழிலைத் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். தெரியாதவர்களுக்கும் மறக்க முடியாத ஒரு வட்டமாக நிற்கும். இது இறுதி விடை அல்ல, ஒரு தொடக்கம். ஆனால் அரிதட்டை நேரில் பாராத ஒருவருக்குத் திரையின் முன் அமர்ந்து இது தோன்றியிருக்காது. பாரம்பரிய நெல்லை விற்கிறவருக்கும் இதே வழியில் சுளகு ஒரு நல்ல கருவாகலாம். மூன்று பக்கம் விளிம்பு உயர்ந்து ஒரு பக்கம் திறந்திருக்கும் அதன் உருவமே எளிதில் வரையக்கூடியது. திறந்த பக்கத்தில் பதர் பறப்பதையும் உட்பக்கத்தில் மணி தங்குவதையும் ஓரிரு புள்ளிகளால் காட்டிவிடலாம்.

வடிவத்தின் இலக்கணத்தைக் கற்றுக்கொள்ள வன்னியில் இருக்கும் மிகச் சிறந்த பாடம் மாட்டுக் குறி என்று நான் உறுதியாக நம்புகிறேன். இலச்சினை வரைகிற பிள்ளைகள் இதை ஒருமுறையாவது கவனித்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். பல வீட்டு மாடுகள் காட்டிலும் தரவையிலும் குளத்தின் நீர் வற்றிய கரைகளிலும் கலந்து மேய்கிற நிலத்தில், எது யாருடையது என்று சொல்ல ஒரு வழி வேண்டியிருந்தது. ஆகவே உரிமையாளர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு குறியை வைத்து, இரும்பைக் காய்ச்சி மாட்டின் உடலில் சுட்டார்கள். அந்த விலங்குக்கு அது நோவு தரும் செயல். அதை நான் போற்றவில்லை. அந்தக் குறிகளை உருவாக்கியவர்கள் தீர்த்துவைத்த வடிவச் சிக்கல்களைத்தான் படிக்கச் சொல்கிறேன். கோடுகள் மிக அருகில் இருந்தால் சூடு பரவி இரண்டும் ஒன்றாகிவிடும், எனவே இடைவெளி தாராளமாக இருக்க வேண்டும். கன்றுக்கு இட்ட குறி மாடு வளர வளரத் தோலோடு சேர்ந்து விரியும், எனவே சிறிதாக இருக்கும்போதும் பெரிதாக இருக்கும்போதும் அது அதுவாகவே தெரிய வேண்டும். மாடு திரும்பி நிற்கும், சேற்றில் புரண்டிருக்கும், ஒரு பகுதி மரத்தின் பின்னால் மறைந்திருக்கும். அப்போதும் தூரத்திலிருந்து அடையாளம் காண முடிய வேண்டும். பக்கத்துப் பட்டியின் குறியில் ஒரு கோட்டைக் கூட்டினால் நம்முடையதாகிவிடும் என்றால் வழக்கு வரும். ஆகவே அயலவர் குறிகளிலிருந்து தெளிவாக விலகியிருக்க வேண்டும். உலகின் பெரிய வடிவமைப்பு நிறுவனங்கள் இன்று ஓர் இலச்சினையை எதைக் கொண்டு சோதிக்கின்றனவோ, அந்தச் சோதனைகள் அத்தனையும் இதற்குள் இருக்கின்றன.

இதைப் பயிற்சியாக மாற்றுவது எளிது. ஊரில் பட்டி வைத்திருந்த முதியவர் ஒருவரிடம் போய், ‘ஐயா, உங்கட குறியையும் அயலட்டையாக்களின்ர குறிகளையும் ஒருக்கா மண்ணில கீறிக் காட்டுவீங்களோ’ என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை ஆண்டுகளானாலும் ஒரு தடியால் தயக்கமின்றிக் கீறிக் காட்டுவார்கள். ஒவ்வொன்றையும் எத்தனை கோடுகளில் முடித்திருக்கிறார்கள், எழுத்தையும் உருவத்தையும் எப்படி இணைத்திருக்கிறார்கள், எந்த இடத்தில் கோட்டைத் திறந்து விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு உங்கள் வாடிக்கையாளருக்கான கருத்தை வளைத்த இரும்புத் துண்டுகள் சிலவற்றைக் கொண்டு மட்டும் செய்ய வேண்டும் என்ற விதியோடு வரையுங்கள். முதியவர் காட்டிய குறியை அப்படியே எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. அது இன்றும் ஒரு குடும்பத்தின் உடைமைக்கான சான்று.

குறியிலிருந்து கற்பது சிக்கனம் என்றால், பனையோலை இழைப்பிலிருந்து கற்பது ஒழுங்கு. கடகம், நீத்துப்பெட்டி, குட்டான், பாய் ஆகிய எதை எடுத்தாலும் ஓலைகள் ஒன்றின் மேலும் மற்றொன்றின் கீழுமாக மாறிமாறிப் போகும் ஒரு கட்டம் இருக்கிறது. கணினியில் நாம் இடும் கட்டக்கோடுகளை இங்கே கையால் தொட்டுப் பார்க்கலாம். ஒரு சதுரத்தாளை எடுத்து, பெட்டியின் மூலை எப்படித் திரும்புகிறது என்பதை அப்படியே பிரதி செய்து பாருங்கள். கூட்டாகச் சேர்ந்து உழைக்கும் ஒரு மகளிர் குழுவுக்கோ சிக்கனக் கடனுதவிச் சங்கத்துக்கோ, கைகோத்து நிற்கும் மனித உருவங்களைவிட அந்த மூலை நன்றாகப் பேசும்.

இயற்கையிலிருந்து எடுக்கிறபோது ஒரே ஓர் அறிவுரைதான் சொல்ல இருக்கிறது: இனத்தின் பொதுவடிவத்தை வரையாமல், எதிரில் இருக்கும் ஒன்றை உற்றுப் பார்த்து வரையுங்கள். ‘இலை’ என்று நினைத்து வரைந்தால் உலகெங்கும் உள்ள அதே கூர்நுனி இலைதான் வரும். பாலை மரத்தின் கீழ் நின்று ஓர் இலையைப் பறித்துப் பாருங்கள்; அடியில் ஒடுங்கி மேலே அகன்று, நுனி கூராக இல்லாமல் உள்நோக்கிச் சற்றுக் குழிந்திருக்கும். அந்தச் சிறு குழிவு ஒன்றே அதைப் பிற இலைகளிலிருந்து பிரித்துக் காட்டப் போதுமானது; பாலைப்பழக் காலத்துக்காக ஆண்டுதோறும் காத்திருக்கிற மக்களுக்கு அது உடனே தெரியும். குளத்தை வரையச் சொன்னால் பலர் மூன்று அலைக்கோடுகளை இடுகிறார்கள். இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ வவுனிக்குளத்திலோ அணைக்கட்டின் மேல் நடந்து பார்த்தால், நீரைவிடத் தெளிவான உருவங்கள் தெரியும்: நீண்டு வளைந்து போகும் கட்டு, நீரைத் திறந்துவிடும் மதகான துருசின் நிமிர்ந்த தூண், மாரியில் குளம் நிறைந்து வான் பாயும்போது வரிசையாக விழும் வெள்ளைப் பட்டைகள். நந்திக்கடலில் இறங்கும் பறவைகளும் இப்படித்தான். பறக்கும் பறவை என்ற பொதுவடிவத்தை விட்டுவிட்டு, பூநாரையின் கழுத்து எந்த இடத்தில் மடங்குகிறது, அலகு எந்தக் கோணத்தில் கீழ்நோக்கி முறிகிறது என்று பாருங்கள். புகைப்படம் எடுத்தால் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, ஒளி-நிழல் வேறுபாட்டை மிகையாக்கிப் பாருங்கள். எந்த உருவம் நிறமின்றியும் நிற்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து தனியே பேசப்பட வேண்டியது. வன்னியில் வெதுப்பகம், தையலகம், மருந்தகம், புடவையகம் என்று தமிழிலேயே கடைப்பெயர்கள் வழங்குகின்றன. அப்படியிருந்தும், கன்வா என்ற இணைய வடிவமைப்புச் செயலியில் கிடைக்கும் ஆங்கில எழுத்து இலச்சினை ஒன்றை எடுத்து, தமிழ்ப்பெயரைக் கீழே சிறிதாக ஒட்டிவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. இது வருந்தத்தக்கது, ஏனென்றால் பல நேரங்களில் தேடிக்கொண்டிருக்கும் வடிவம் அந்தப் பெயரின் எழுத்துகளுக்குள்ளேயே இருக்கிறது. பெயரைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டி, தலைகீழாகவும் பாருங்கள். ட, ப, ம போன்றவை நேர்கோடுகளில் நிற்கின்றன. அவை பலகைக்கும் முத்திரைக்கும் உறுதியானவை. இ, ஞ, ஜ போன்றவற்றின் சுழிகள் சிறிதாக்கினால் அடைபடும். அவற்றை வைத்து இலச்சினை செய்வதானால் சுழியின் உட்பக்கத்தை வேண்டுமென்றே அகலப்படுத்த வேண்டும். ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில் ஓலை கிழியாதிருக்கப் புள்ளியைப் பெரும்பாலும் தவிர்த்தார்கள். இன்று நமக்கு அந்தத் தேவை இல்லை, ஆகவே அழகுக்காகப் புள்ளியை விழுங்கிப் பெயரைப் பிழையாக்க வேண்டாம். மாறாக, மெய்யெழுத்தின் புள்ளியையே ஒரு விதையாக, ஒரு துளியாக, ஒரு நெல்மணியாக ஆக்கிப் பார்க்கலாம். பெயர் மிக நீளமானால், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தை ‘ப.நோ.கூ.ச.’ என்று சுருக்கி எழுதும் நம் வழக்கமும் ஒரு வழி காட்டுகிறது.

கையால் எழுதிய பழைய பெயர்ப்பலகைகள் இன்னும் சில சந்திகளில் மிஞ்சியிருக்கின்றன. எழுத்தின் நிழலை எந்தப் பக்கம் வைத்தார்கள், நீளமான ‘ணை’யையும் குறுகிய ‘ர’வையும் ஒரே வரியில் எப்படிச் சமப்படுத்தினார்கள் என்பதைப் புகைப்படம் எடுத்துச் சேர்த்து வையுங்கள், கணினியில் அச்சிடும் பதாகைகள் வந்த பிறகு அந்த ஓவியர்களின் கைத்திறன் வேகமாக மறைந்து வருகிறது. பொருள் தென்னிலங்கைக்கும் போகுமானால் சிங்களமும் ஆங்கிலமும் அருகில் வந்து அமரும். அப்போது மூன்றுக்கும் பொதுவான ஒரு வளைவையோ தடிப்பையோ தேடுங்கள். 2010-இல் ஏற்கப்பட்ட இந்திய ரூபாய்க் குறியைத் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் தேவநாகரியின் ‘ர’வும் ரோம எழுத்தின் ‘ஆர்’உம் ஒன்றாகும்படி அமைத்தார், இரண்டு எழுத்துமுறைகள் ஒன்றையொன்று மறைக்காமல் ஒரே உருவில் நிற்க முடியும் என்பதற்கு அது நல்ல சான்று.

உலகப் புகழ்பெற்ற இலச்சினைகளைப் பார்ப்பதும் வேண்டியதே. அவற்றின் உருவத்தைவிட, எந்தச் சிக்கலைத் தீர்க்க அந்த உருவம் வந்தது என்பதைப் படியுங்கள். 1961-இல் தொடங்கப்பட்ட உலக வனவிலங்கு நிதியத்துக்கு பாண்டா கிடைத்தது, லண்டன் விலங்குக் காட்சிச்சாலையிலிருந்த சி-சி என்ற பாண்டாவைப் பார்த்துத்தான். அந்த விலங்கின் உடலே கறுப்பு வெள்ளையாக இருந்ததால் அச்சுச் செலவும் மிச்சமாகும் என்பதையும் கருதினார்கள். 1977-இல் ரொப் ஜனோஃப் வரைந்த அப்பிள் இலச்சினையில் கடித்த பகுதி இருப்பது, சிறிதாக்கினால் அதைச் செர்ரிப்பழமாக எண்ணிவிடக்கூடாது என்பதற்காக. நமக்கு மிக நெருக்கமாகப் படுவது மெக்சிகோ நகரச் சுரங்க ரயில்: 1969-இல் அது திறக்கப்பட்டபோது, எழுத வாசிக்கத் தெரியாதவரும் இறங்கும் இடத்தை அறியும்படி லான்ஸ் வைமன் ஒவ்வொரு நிலையத்துக்கும் அந்த இடத்தின் பெயரிலிருந்தோ வரலாற்றிலிருந்தோ ஒரு சிறு சின்னத்தை எடுத்து வடிவமைத்தார். மாங்குளம், புளியங்குளம், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, வற்றாப்பளை என்று நம் ஊர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் இவ்வாறு ஒரு சின்னம் வரைந்து பழகுவதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

சில அடையாளங்களைத் தொடும் முன் நிறுத்திக் கேட்க வேண்டும். இங்கே சில பூக்களும் விலங்குகளும் நிறச் சேர்க்கைகளும் போர்க்காலத்தோடும் இழந்தவர்களின் நினைவோடும் பிணைந்திருக்கின்றன; அவற்றை வணிகப் பொருளின் மேல் இடுவது ஒருவருக்குப் பெருமையாகவும் மற்றொருவருக்குக் காயமாகவும் இருக்கலாம். கண்ணகி அம்மனின் சிலம்பும் மடு மாதாவின் உருவமும் அப்படியே. முடிவு வாடிக்கையாளருடையதாக இருக்கட்டும், ஆனால் கேட்கும் பொறுப்பு உங்களுடையது.

இவற்றையெல்லாம் சேர்த்த பின் பென்சிலை எடுங்கள். ஒரு தாளைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு யோசனை, அழிக்காமல், அழகு பாராமல் வரைந்து போங்கள். முதலில் வருபவை எல்லாரும் நினைக்கிற நெற்கதிரும் சூரியனுமாகவே இருக்கும். அவையும் தாளில் இறங்கட்டும், இறங்கினால்தான் மனம் அவற்றை விட்டு நகரும். ஓட்டம் நின்றுவிட்டால் குறிப்பேட்டின் ஒரு பெயரையும் தொடர்பில்லாத ஒரு வினையையும் இணைத்துப் பாருங்கள்: துருசும் தைத்தலும், தேனும் இழைத்தலும் போல. பயனற்றவை பல வரும். அவற்றுக்கு நடுவே எதிர்பாராத ஒன்று வந்து நிற்கும். தேறிய இரண்டு மூன்றை ஒரு சென்ரிமீற்றர் அகலத்துக்குச் சுருக்கி அச்சிடுங்கள், ஒரே நிறத்தில் பாருங்கள், பலகை அளவுக்குப் பெரிதாக்கி முற்றத்தில் வைத்து வீதியிலிருந்து பாருங்கள். பின்னர் அந்தத் தொழிலோடு தொடர்பில்லாத ஒருவரிடம் ஒரு கணம் காட்டிவிட்டு, மறுநாள் நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். அவர் எதை விட்டுவிடுகிறாரோ அது பெரும்பாலும் தேவையற்ற கோடு.

இப்போது கைத்தொலைபேசியை எடுக்கலாம். உங்கள் உருவத்தைப் படத்தேடலில் இட்டு, அதைப் போன்ற ஒன்று வேறெங்காவது பயன்பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பயன்படுத்தும் எழுத்துருவின் உரிமம் வணிகப் பயன்பாட்டுக்கு இடம் தருகிறதா என்பதையும் பாருங்கள். முக்த மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை போன்ற திறந்த உரிம எழுத்துருக்கள் இருக்கும்போது, எங்கிருந்தோ வந்த கோப்பை நம்பத் தேவையில்லை. ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் எழுதிய பெயரை அச்சகத்துக்கு அனுப்புவதானால், எழுத்துகளை உருவக்கோடுகளாக மாற்றிய வெக்டர் கோப்பாகவே அனுப்புங்கள். இல்லையேல் அவர்களது கணினியில் அது வேறெதுவாகவோ தெரியும். இலங்கையில் வணிகக் குறிகளை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் பதிவு செய்கிறது; பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும், பின்னர் புதுப்பிக்கலாம். அரச சின்னங்களையும் கொடிகளையும் பின்பற்றிய உருவங்கள் அங்கே ஏற்கப்படமாட்டா. பொருள் மாவட்டத்துக்கு வெளியே விற்கப்படப் போகிறது என்றால் பதிவைப் பற்றி உரிமையாளரிடம் தொடக்கத்திலேயே பேசுங்கள். நீங்கள் வரைந்த தாள்கள் அனைத்திலும் திகதியிட்டு ஒரு கோப்பில் வைத்திருங்கள், பின்னாளில் உருவத்தின் உரிமை பற்றிக் கேள்வி எழுந்தால் காட்டுவதற்கு அவை உதவும்.